மத்தியானத் தூக்கம்

குன்றாண்டார்கோவில்
12-8-1956

மலையாண்டியின் ஆத்தாவுக்கு,

நீ மகள் வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. மூட்டுவலி தேவலையா? அறுபத்துநாலு வயதில் எனக்குத் தூக்கம் அறவே போய்விட்டது. கீரனூர் டாக்டர், உடம்பில் சத்து இல்லை என்று மீனெண்ணெய் மாத்திரையும் ஒரு சிவப்பு டானிக்கும் கொடுத்தார். இப்போது மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் இரண்டு மணி நேரம் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறேன்.

யுத்தத்தில் பர்மாவிலிருந்து நடந்தே கிளம்பி, வீடு வந்து சேராத மலையாண்டிக்கு நான் காரியம் செய்ததில் உனக்குச் சம்மதமில்லை. பதினாலு வருடம் காத்திருந்துதான் செய்தேன். அதைப் பற்றி எழுத வேண்டாமென்று இருக்கிறேன்.

நேற்று மோர் கொண்டுவந்த பக்கத்து வீட்டு மீனம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் எழுந்ததும் கேட்டாள்:

"உள்ள யாரு மாமா வந்திருக்கா? எளவட்டக் குரலா கேட்டுச்சே."

"யாரும் வரல. என்ன சொல்லுச்சு?"

"'நடந்தே வந்துட்டேன்ப்பா, ஆத்தா எங்கிட்டுப் போச்சு?'ன்னு திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. நீங்க தூக்கத்துல அழுதீங்க."

அவள் நம் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று வருடம்தான் ஆகிறது. அவன் குரலை அவள் கேட்டதே இல்லை. எனக்கோ எழுந்தால் எதுவும் நினைவில்லை.

இன்று டாக்டரிடம் சொன்னேன். டானிக்கை உடனே நிறுத்தச் சொன்னார். வீட்டுக்கு வந்து வழக்கம்போல் குடித்துவிட்டேன். அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீ வந்து அவனிடம் சொல்லும்வரை டானிக்கை நிறுத்தமாட்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்