மணிக்கட்டும் குதிகாலும்

அம்மா,

நெடிய விவாதத்துக்குப் பிறகு நேற்று எங்கள் வீட்டில் ஒரு வரலாற்று முடிவு எடுக்கப்பட்டது. இனிச் சமையலுக்குக் கடலை எண்ணெய் கிடையாது, நல்லெண்ணெய்தான். இன்று காலை அது வாணலியில் சூடாகி மணம் கூடத்துக்கு வந்ததும் என் இடது கால் விறைத்துக்கொண்டது. அதற்கு என்னைவிட ஞாபகசக்தி அதிகம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், அரூரில், தினமும் காலையில் நீ அந்த எண்ணெயைக் காய்ச்சுவாய். பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் என் இடது கால் தசை முறுக்கிக்கொண்டு, குதிகால் தரையைத் தொடாமல் இருந்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், "வெடுக்குனு இழுக்காதீங்க. மெதுவா மடக்கி, தளர்ற வரைக்கும் புடிங்க. கத்துவான், வுட்றாதீங்க. வுட்டா மறுபடி இழுத்துக்கும்" என்றார்.

நீ விடவில்லை. என் தொடைமேல் முழங்காலை ஊன்றிப் பாதத்தை மேல்நோக்கி அழுத்துவாய். நான் உதைப்பேன், எட்டினால் கடிப்பேன். நீ ஓர் அறை விட்டுவிட்டு மறுபடி அழுத்துவாய். என்மேல் மிகுந்த பிரியமுள்ள அப்பா, எண்ணெய் காயும்போதே சந்தைக்குக் கிளம்பிவிடுவார். தரைக்கும் குதிகாலுக்கும் ஒரு விரற்கடைதான் பாக்கி என்ற நிலையில் மாமா ஊருக்கு வந்தார்.

உன் தம்பி லாரி ஓட்டுகிறவர். தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்தும் கீறலில்லாமல் எழுந்து வந்தவர். என் அலறலைக் கேட்டுத் தாழ்ப்பாள் தெறிக்கக் கதவை உதைத்தார்.

"புள்ளயக் கொல்றயாக்கா? பெத்தவதானா நீ?"

"அவன் கால் நிக்கணும்டா. கிட்ட வந்தீன்னா பல்லு போயிடும்."

வந்தார். நீ சொன்ன சொல் தவறுகிறவள் அல்ல. என் கால் மடங்காமலிருக்க வைத்துக் கட்டும் மரச்சட்டத்தால் முன்பற்கள் இரண்டைத் தட்டிவிட்டாய். வாய் நிறைய ரத்தத்தோடு அவர் உன் கையைப் பிடித்து முறுக்கினார். முருங்கைக் கிளை ஒடிவதுபோல மணிக்கட்டு முறிந்தது. இரண்டு பேருக்கும் பிள்ளைமேல் உயிர் என்று தெருவே மெச்சியது.

மாவுக்கட்டு போட்டார்கள். மாமா உன் காலில் விழுந்தார், பாத்திரம் தேய்த்தார், எனக்குச் சோறு ஊட்டினார். நீ கேட்டது ஒன்றுதான்: "எனக்குப் பதிலா நீ அழுத்துடா."

எண்ணெய் காய்ச்சி என் பாதத்தைப் பிடித்தார். நான் அலறியதும் விட்டுவிட்டு அவரும் அழுதார். "வேற எது சொன்னாலும் செய்றேன்க்கா. இவன நோவடிக்க என்னால ஆவாது."

ஒற்றைக் கையால் முயன்று பார்த்தாய். என் கால் உன்னைவிட வலுவாக இருந்தது.

கட்டுப் பிரித்த அன்றே என்னைச் சுவரோரம் நிறுத்திக் குனிந்து பார்த்தாய். குதிகால் மூன்று விரற்கடை மேலே ஏறியிருந்தது. அதற்குப் பிறகு நீ எவ்வளவு அழுத்தியும் அது இறங்கவில்லை.

இன்று காலையும் இடது செருப்பில் ரப்பர் கட்டையை வைத்துத்தான் மாட்டினேன்.