ஜூன் வரை பொறுத்துக்கொள்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவைத் தூக்கித் தூக்கி உட்காரவைத்து என் இடுப்பு போய்விட்டது. போனில் பேசினால் அவருக்குக் காது கேட்பதில்லை. கடிதம் என்றால் நான் படிக்கப் படிக்கத் தலையாட்டுகிறார். அதனால் சோம்பல் படாமல் பதில் எழுது.

கம்பெனி உனக்கு நாலாயிரம் பங்கு கொடுத்ததாகச் சொன்னாயே, அன்றிலிருந்து அவருக்கு நீ முதலாளிதான். "முதலாளி எப்ப வர்றாராம்?" என்று தினமும் கேட்கிறார்.

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்திலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு மறுபடி என் பெயர் வந்திருக்கிறது. இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இனிமேல் கேட்க மாட்டார்கள். மார்ச் பதினொன்றாம் தேதி வெளியூரில் சேர வேண்டும். பங்கில் கொஞ்சம் விற்றுவிட்டு நீ வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

உன் அக்கா

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

தப்பு என்னுடையது. பங்கு என்று சொல்லிவிட்டேன். அப்பா பூரித்துப்போனார், திருத்த மனம் வரவில்லை. அது பங்கு இல்லை, ஆப்ஷன். பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை, அவ்வளவுதான். விலை எவ்வளவு ஏறினாலும் நான் சேர்ந்த அன்றைய விலைக்கே வாங்கலாம். இறங்கினால் வாங்காமல் விட்டுவிடலாம், கட்டாயமில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் முடிந்தால்தான் ஆயிரம் ஆயிரமாக என் கணக்கில் சேரும். ஜூனில் நாலாவது வருடம் முடிகிறது. இப்போது வேலையை விட்டால் கடைசி ஆயிரம் போச்சு. மிச்சத்தையும் மூன்று மாதத்துக்குள் கைக்காசு போட்டு வாங்கியாக வேண்டும். இல்லையென்றால் அதுவும் போச்சு.

ஜூன் வரை பொறுத்துக்கொள், அக்கா.

தம்பி

பிப்ரவரி 2

தம்பி,

மூன்று முறை படித்தேன். அப்புறம் எங்கள் ஆய்வகக் கணக்கரிடம் கேட்டேன். "கம்பெனி பங்குச் சந்தையில இருக்காம்மா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப காசு போட்டு வாங்கினாலும் யாருகிட்ட விக்கிறது?" இதை நீ எழுதவில்லையே? எனக்கு ஆத்திரமாக வந்தது. நாலு வருடமாக நீ அங்கே சேர்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துத்தான் நான் இங்கே வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஓய்ந்து போய்விட்டேன், தம்பி.

அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்தார். "அப்ப அவனும் நம்மள மாதிரிதானா? வரச் சொல்லு" என்றார்.

பயிற்சிக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மார்ச் பத்தாம் தேதி காலை ரயில். நீ வந்தாலும் வராவிட்டாலும் கிளம்புவேன். அதன் பிறகு அப்பாவோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவைப் பேசியிருக்கிறேன். அவரால் ஒரு வாரத்துக்குமேல் முடியாதாம்.

அக்கா

பிப்ரவரி 20

அக்கா,

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். "இன்னும் நாலு மாசம்தானே, உனக்கென்ன பைத்தியமா?" என்றார் மேலாளர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கடைசியாகச் சொன்ன விலை, நான் சேர்ந்த அன்றைய விலையில் பாதிகூட இல்லை. வாங்கினால் நஷ்டம். ஆறு மாதமாகவே தெரியும். ஜூனுக்குள் ஏறிவிடும், ஏறிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். வெறுங்கையோடு வீட்டுக்கு வர வெட்கமாக இருந்தது, அக்கா. பங்கு ஒன்றையும் வாங்கவில்லை.

பத்தாம் தேதி மாலைதான் வந்து சேர முடியும். நீ போயிருப்பாய்.

தம்பி

மார்ச் 10, காலை

தம்பிக்கு,

இதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். காலை மாத்திரை நீல டப்பாவில், மாலைக்கு வெள்ளை. அப்பாவை இடது பக்கமாகவே திருப்பு. வலது தோள் வலிக்கும். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தால் திட்டாதே, பத்து நிமிடம் விட்டுத் திரும்பக் கொடு. நான் திட்டியிருக்கிறேன். அப்புறம் சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன்.

வெறுங்கை என்று எழுதியிருந்தாய். இங்கே அந்த இரண்டு கைதான் வேண்டியிருந்தது.

ஒரு வாரத்துக்கு என்னைக் கூப்பிடாதே. கோபமெல்லாம் இல்லை. போய்த் தூங்க வேண்டும்.

அக்கா