அரூகா தைலமும் அம்மாவின் காலும்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். அலுவலகப் பழக்கம் இன்னும் விடவில்லை, ஒவ்வொரு பத்தியையும் உரக்கப் படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன், ஆகவே தாமதமானால் பொறுத்துக்கொள். குழப்பாமல் சொல்ல வரிசை போட்டிருக்கிறேன்:

1. நீ கேட்ட சொல்லின் பொருள்.
2. உன் அண்ணன் உனக்கு அனுப்பி, இங்கேயும் கொடுத்த தைலப் புட்டி.
3. அம்மாவின் கால்.
4. அவள் என் பேச்சைக் கேட்கமாட்டாள், நீதான் பேச வேண்டும்.

அரூகா என்றால் எபிரேயத்தில் உடனடி சுகம் என்று புட்டியில் அச்சடித்திருக்கிறதே, அப்படியா அப்பா என்று கேட்டிருந்தாய். வேதாகம மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தே கிழவனானவன் நான், ஆனாலும் என்னுடையது அகராதியின் கையைப் பிடித்து நடக்கிற எபிரேயம்தான், அதை மனதில் வைத்துப் படி. அந்தச் சொல் வேதத்தில் ஆறே இடத்தில் வருகிறது. காயத்தின் மேல் புதிதாக வளரும் சதை என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். இரண்டு இடத்தில் மனிதக் காயமே இல்லை, இடிந்த மதிலையும் ஆலயத்தையும் பழுதுபார்ப்பதற்கு அதே சொல். வினைச்சொல்லைப் பார்த்தால், ஐந்து இடத்தில் அது ஏறுகிறது, ஓரிடத்தில் முளைக்கிறது. எங்கேயும் அதை யாரும் தடவவில்லை. முளைக்கிற இடத்தில் மட்டும் சீக்கிரமாய் என்ற சொல்லும் பக்கத்தில் நிற்கிறது, இந்தத் தைலத்தை விற்கிற நம் சபைப் போதகர் அதைக் காட்டி என்னை மடக்கலாம். ஆனால் அவர் அவ்வளவு தூரம் படித்திருப்பார் என்ற பயம் எனக்கில்லை.

புட்டியை முகர்ந்து பார்த்தேன், சமையல் எண்ணெயில் இரண்டு சொட்டு வாசனை. மூடி தங்க நிறம், போதகரின் கைக்கடிகாரமும் அதே நிறம். உன் அண்ணன் இதற்கு ஏஜெண்டாம். போன வாரம் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டான், ஏன்டா உன் தைலம் என்னாச்சு என்றேன், அது விக்கிறதுக்குப்பா என்கிறான். இந்த ஒரு பதிலுக்காகவே அவனை எம்.ஏ. வரை படிக்க வைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது கால். சர்க்கரைப் புண்ணைக் கீறிவிட்ட டாக்டர் அதைத் தைக்காமல் திறந்தே வைத்தார், உள்ளே துணித்திரி வைத்துக் கட்டினார். அடியிலிருந்து சதை ஏறி வரணும், மேல முதல்ல மூடிக்கிட்டா உள்ளே சீழ் கட்டும், எலும்புக்குப் போனா பாதத்தையே எடுக்க வேண்டி வரும்னு உன் அம்மாவிடமே சொன்னார். போன ஞாயிறு நம் போதகர் அவளை மேடைக்கு அழைத்துக் கட்டை அவிழ்க்கச் சொல்லி அரூகா என்று மைக்கில் கத்தினார். மேல்தோல் லேசாக மூடியிருந்தது, அதற்கே சபை கைதட்டியது. சுவர்ப் பொந்தின் வாயில் மட்டும் சிமெண்டைப் பூசிவிட்டுக் கூலி கேட்கிற கொத்தனாரை நாம் விரட்டுவோம், இவருக்குக் காணிக்கை போட்டோம். அன்றிலிருந்து திரி வைப்பது அவிசுவாசம் என்கிறாள். பாதம் சிவந்து சுடுகிறது. இனி கட்டுப் போட்டால் கைதட்டினவங்க என்ன நினைப்பாங்க என்று அழுகிறாள்.

நான் சொன்னால் எடுபடாது. கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை, உன் அம்மா அப்படியொரு பிடிவாதக்காரி. ஆகவே நீ இன்றே போன் போட்டு

வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அதுவரை எழுதியதை வழக்கம்போல் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன், உள்ளறைக் கதவு திறந்தது. உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து எதிர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தாள். அன்னைக்கு சபையில மூணாவது வரிசையில ஊமையா உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு, காகிதத்தைக் கண்டா மட்டும் வீரம் வருதோ என்றாள். இதையெல்லாம் என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு என்றாள். பிறகு, அந்த ஏறுற இடத்தை இன்னொரு தடவை படிங்க என்றாள். படித்தேன். தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், வண்டியைக் கூப்பிடுங்க, டாக்டர் கிளம்பிடப் போறார் என்றாள். பிடிவாதக்காரி என்பதை அடிக்காமல் கடிதம் போகக்கூடாதாம்.

கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். புட்டியைப் பேத்தி கையில் கிடைக்காமல் வை. வண்டி வாசலில் நிற்கிறது, திருத்தி எழுத நேரமில்லை. வரிசையில் நான்காவது தவறு, அதை அடித்துவிட்டுப் படித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா