வெறும் கை

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம்தான். எலிக்கு ஆயா வேலை பார்க்கவா இத்தனை வருஷம் படித்தாய் என்று கேட்டிருந்தாய். ஆயாவாக இருந்தால்கூடப் பரவாயில்லை. ஆய்வுக்கூடத்தில் தினமும் மூன்று மணி நேரம் எலிக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதுதான் என் வேலை. மூளை வளரும் அந்த நாட்களில் தாயின் அரவணைப்பு குறைந்தால், ஆசையையும் மகிழ்ச்சியையும் தூண்டும் டோபமைன், செரோடோனின் என்ற மூளை ரசாயனங்களை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளின் கூர்மை மாறிவிடுகிறது. வளர்ந்த பிறகு சர்க்கரைத் தண்ணீர் வைத்தாலும் சில எலிகள் ஆசையாக வருவதில்லை.

எனக்கும் எதிலும் மனம் ஒட்டுவதில்லை, அம்மா. பிறந்த எட்டாம் நாளே என்னை அத்தையிடம் கொடுத்துவிட்டாயாமே, ஏன்? பதில் வரும்வரை நீ இங்கே வருவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

உன் மகள்

மார்ச் 19

என் கண்ணுக்கு,

பத்து நாளாகக் கையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்குக் காசநோய். குழந்தையைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே தெரிந்தால் பின்னால் உனக்கு வரன் அமையாது என்று வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். நீயோ இன்றுவரை கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை, அது வேறு கதை.

சாயங்காலம் அத்தை ஜன்னலுக்கு வெளியே நின்று உன்னைத் தூக்கிக் காட்டுவாள். நான் கண்ணாடியில் கை வைப்பேன். நீ விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாய். ஐந்து மாதம் அப்படியே போனது. தொடலாம் என்று சொன்ன நாளில் நீ என்னிடம் வராமல் அழுதாய். அதற்குப் பிறகு உன்னை இழுத்து அணைக்க எனக்குத் தைரியமே வரவில்லை. அந்தத் தப்பு என்னுடையதுதான்.

உங்கள் படிப்பில் ஒன்று மட்டும் பார்த்துச் சொல். காலம் கடந்து அணைத்தால் பிரயோஜனம் உண்டா?

அம்மா

ஏப்ரல் 2

அம்மா,

நீ கேட்டதற்கு எங்கள் புத்தகங்களில் தெளிவான பதில் இல்லை. உண்டு என்கிறார் ஒருவர், ஓரளவுதான் என்கிறார் இன்னொருவர்.

குட்டிகளைக் கூண்டில் திரும்ப விடும்முன் கையுறையைத் தாயின் படுக்கையில் தேய்த்துக்கொள்வோம், எங்கள் வாடை ஒட்டக் கூடாதென்று. நேற்று உன் கடிதத்தையே நினைத்துக்கொண்டு, கையுறையை மறந்து, வெறும் கையால் ஒரு குட்டியை எடுத்துவிட்டேன். அந்தக் கூண்டின் பதிவெல்லாம் வீண் என்று மேலாளர் சத்தம் போட்டார். தாய் தள்ளிவிடுமோ என்று பயந்தேன். அதுவோ மற்றவற்றை விட்டுவிட்டு அந்தக் குட்டியைத்தான் முதலில் இழுத்து நக்கியது. எத்தனை நிமிஷம் என்று குறிக்க வேண்டியவள் நான். குறிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

நீ புறப்பட்டு வா. வாசலில் நின்று சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயே என்றெல்லாம் கேட்காதே. முதலில் என்னைப் பிடித்துக்கொள். நான் விறைப்பாக நிற்பேன். விட்டுவிடாதே.

உன் மகள்