இடது சக்கரத்தின் உள்ளே ஒரு ஓட்டை

என் ரெஹானாவுக்கு,

வண்டி ஓடுகிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். இன்று மதியம் உன் அண்ணன் பட்டறையிலிருந்து கிளம்பி லஸ் முனையில் திரும்பினேன். கீச்சென்ற அந்தச் சத்தம் வரவே இல்லை. ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

இடது காலை ஊன்ற முடியாத எனக்காக, சிக்னலில் நின்றாலும் சாயாமல் இருக்க, முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றுமாக நீ கட்டிய வண்டி. அதில் ஏறிய பிறகுதான் ‘யாராவது கொண்டுபோய் விடுங்களேன்’ என்று வீட்டில் கேட்பதை நிறுத்தினேன். அது நின்றுபோகிற நிலைமைக்கு வந்துவிட்டது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்?

முன்சக்கர மூட்டுகளில் கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள்களில் மற்றதெல்லாம் எட்டும். இடது பக்கம் உள்ளே, வண்டியின் இரும்புச் சட்டத்தைப் பார்த்தபடி இருக்கிற அந்த ஒன்று மட்டும் யாருக்கும் எட்டாது. நீதான் கையை வளைத்து உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவித் தேடுவாய். உன் கை அவ்வளவு சின்னது. நீ போன பிறகு அதை யாரும் தொடவில்லை.

இந்த மழையில் மூட்டு இறுகிவிட்டது. போன வாரம் மாட வீதியில் கைப்பிடி திரும்பாமல் நேராகப் பூக்கடைக்கே போய் நின்றேன். பூக்கார அக்கா கூடையை நகர்த்திவிட்டு நிதானமாகக் கேட்டாள்: “கண்ணு, நீ வண்டிய ஓட்றியா, வண்டி உன்ன ஓட்டுதா?” சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

இர்ஃபான் அண்ணன் பார்த்துவிட்டு, அந்த மூட்டுத் துண்டையே அறுத்தெடுத்து நிப்பிளை வெளிப்பக்கம் வைத்துப் பற்றவைக்கலாம் என்றார். சக்கரம் பழையபடி நேராக நிற்குமா என்று கேட்டேன். “சொல்ல முடியாதும்மா. அவ கணக்கு அவளுக்குத்தான் தெரியும்” என்றார். நிற்காவிட்டால் வண்டி பட்டறை மூலைக்குத்தான். அது உன் கை பற்றவைத்த இடம் என்பதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்கு மட்டும் தெரியாதா?

இன்று காலை ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார். அறுக்கும் மிஷினுக்கு வயர் இழுக்க அவர் போன நேரத்தில், நான் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்குக் குந்த வராது, உனக்குத் தெரியும். காலை நீட்டித்தான் உட்கார முடியும். அப்படி உட்கார்ந்ததும் கண்ணுக்கு நேரே, சட்டத்துத் தகட்டில் ஒரு ரப்பர் மூடி. முன்பே பார்த்ததுதான். மழைத்தண்ணீர் வடிவதற்கு என்று நானாக நினைத்திருந்தேன். ஏனோ அதைப் பிடுங்கினேன்.

உள்ளே நிப்பிள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, ரெஹானா!

வண்டி தரையில் நிற்கும்போது அந்த ஓட்டைக்குப் பின்னால் வெறும் இரும்புதான் இருக்கும். தூக்கிச் சக்கரம் தொங்கினால்தான் மூட்டு கீழே இறங்கி ஓட்டைக்கு நேராக வருகிறது. அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் குந்திப் பார்த்தார், தெரியவில்லை. தரையில் படுத்துத்தான் பார்க்க முடிந்தது. படுத்தபடியே கேட்டார்:

“அவ இன்னாத்துக்கு இத வெச்சா? ஜாக்கி போட சோம்பேறிப்பட்டுகினு கையத்தானே வுட்டுகினு இருந்தா.”

“உங்களுக்காக இருக்கும்” என்றேன்.

“எனக்கா? நான் எங்க தரையில காலை நீட்டி உக்காந்து வேல செஞ்சிகீறேன்? நீ உக்காந்துகீற பாரு, அந்த உசரத்துக்கு வெச்சிகீறா.”

அவர் எழுந்து, அறுக்கும் மிஷினின் வயரைத் தானே சுருட்டினார். பிறகு கிரீஸ் கன்னை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். குழாயை ஓட்டைக்குள் விட்டேன், டக்கென்று பிடித்துக்கொண்டது. அழுத்த அழுத்த முதலில் சேறு மாதிரி கறுப்பாக வந்தது, பிறகு துரு கலந்த தண்ணீர், கடைசியில் சுத்தமான மஞ்சள் கிரீஸ். என் சுடிதார் போயேபோய்விட்டது. அம்மா திட்டியதைத் தனியாக எழுதுகிறேன்.

எனக்கு ஏன் சொல்லவில்லை? நான் தனியாகவே இதைச் செய்வேன் என்று நினைத்துத்தான் வைத்தாயா? அடுத்த முறை உட்காரவைத்துக் காட்டலாம் என்று இருந்தாயா? அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விடும் என்று நீ மட்டும் என்ன கண்டாய்?

இன்னொரு செய்தி. தி. நகரில் துணிக்கடையில் வேலை செய்கிற ஒரு அக்கா என் வண்டியைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி தனக்கும் வேண்டும் என்று பட்டறைக்கு வந்திருக்கிறார். அவருக்கு வலது கால். அளவெடுக்கும் நாளில் நானும் போகிறேன். அவரை முதலில் தரையில், அவருக்கு வருகிற மாதிரி உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் எதையும் துளைக்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சரி என்றார். அந்த ஓட்டை எதற்கென்று அந்த அக்காவுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

உன்னைப் பெற்ற அம்மி தன் சின்ன மகள் என்று சொல்லிக்கொள்கிற,
உன் தங்கை நித்யா