நான்காவது செதில்

நேற்று உன் மகள் கூடலூரிலிருந்து பஸ் மாறி மாறிக் குன்னூர் வந்து சேர்ந்தாள். காப்பிகூடக் குடிக்காமல், துணிப்பையிலிருந்து உன் முதலாண்டுச் செய்முறை ஏட்டை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். "இத உங்ககிட்ட மட்டுந்தான் குடுக்கணும்னு அம்மா சொன்னாங்க" என்றாள். நீ போய்ப் பதினாறு நாள்தான் ஆகிறது. அட்டையைத் திறந்ததும் பழைய ஃபார்மலின் வாடை மூக்கில் ஏறியது. இத்தனை வருஷம் கழித்தும் அது தாளைவிட்டுப் போகவில்லை. கண் எரிந்தது. நான் அழுகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். நினைத்தது சரிதான்.

அந்த வாடையோடு ஊட்டிக் கல்லூரியின் விலங்கியல் கூடம் அப்படியே எழுந்து வந்தது. உயிரினங்களின் பன்மை என்று பாடத்துக்குப் பெயர். நாம் செய்ததெல்லாம் கொலை. திங்கட்கிழமை கரப்பான், புதன்கிழமை தவளை. குளோரோஃபார்ம் போதாமல் பாதி மயக்கத்தில் எழுந்து துள்ளிய தவளையை நீதான் பிடித்து, மெழுகுத் தட்டில் நாலு காலிலும் ஊசி இறக்கினாய். அதன் இதயம் நெஞ்சுக்கு வெளியே துடித்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ நிறுத்தாமல் வெட்டினாய். ஆனால் முடித்துவிட்டு, "ஒரு பேரு தெரிஞ்சுக்க எத்தன உசுருடி" என்றாய். வெட்டுவது நீ, பெயர் சொல்வது நான் என்று நமக்குள் ஏற்பாடு. புத்தகத்திலிருந்த இனங்காணும் அட்டவணைகளை நான் மனப்பாடமாக ஒப்பிப்பதால் எனக்கு "அட்டவணை" என்றே பெயர் வைத்தாய். கல்லூரி முழுக்க அந்தப் பெயர் பரவியதற்கு உன்னை நான் மன்னிக்கவே இல்லை.

பொங்கல் விடுமுறைக்கு முன்னால் ஆசிரியர் ஒரு வேலை கொடுத்தார். இரண்டு பேராகச் சேர்ந்து முதுகெலும்புள்ள ஒரு பிராணியைக் கொண்டுவந்து, அட்டவணைப்படி இனம் கண்டு, படம் வரைய வேண்டும். நான் பாம்பு என்றேன். கூடத்தில் ஜாடி ஜாடியாகப் பாம்பு இருந்தது. ஒன்றுக்குக்கூடத் தலை உருப்படியாக இல்லை. ஊரார் அடித்துக் கொடுத்தவை, எல்லாம் கூழ். தலை இல்லாமல் அட்டவணை ஓடாது. கட்டுவிரியனா, அதைப்போலவே வெள்ளைப் பட்டை போட்ட விஷமில்லாத ஓநாய்ப் பாம்பா என்று தெரிய, முதுகின் நடுவரிசைச் செதிலைப் பார்க்க வேண்டும். கீழுதட்டுச் செதில்களை எண்ணி நான்காவது பெரிதா என்று பார்க்க வேண்டும்; பெரிதாக இருந்தால் கட்டுவிரியன். தலை நசுங்காத பாம்பு ஒன்றை நான் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டாத குறைதான்.

அப்படித்தான் நெல்லியாளம் பக்கம் உங்கள் எஸ்டேட்டுக்கு வந்தேன். சிலோனிலிருந்து வந்து பத்து வருஷமாகியும் உன் அப்பா, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டை லயம் என்றுதான் சொல்வார். கவாத்து வெட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. தேயிலைச் செடியைச் சாய்த்து வெட்டும் அந்த வளைந்த கத்தி எந்நேரமும் இடுப்பில் இருக்கும். அவருடைய தம்பி அங்கே சிலோன் தோட்டத்தில் விரலில் பாம்பு கடித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் வழியில் செத்ததை முதல் நாளே சொன்னார். அன்றைக்கே விரலை வெட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்று முடித்தார். நான் அதைக் கதையாகக் கேட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, விறகு அடுக்கைக் கலைத்தபோது பாம்பு வெளியே வந்தது. கறுப்பில் வெள்ளைப் பட்டை. உன் அப்பாவோடு நாலு ஆண்கள் தடியோடு ஓடிவந்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். "மாமா, தலைய மட்டும் நசுக்கிப் போடாதீங்க. எங்களுக்குத் தலைதானுங்க வேணும்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "பாம்ப அடிச்சா குத்துயிரா விடக்கூடாது புள்ள. தலைய நசுக்கினாத்தான் செத்துச்சுன்னு அர்த்தம்" என்றார். கல்லூரியில் படிக்கிற பெண் கேட்கிறாளே என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்களே, அந்த ஜாதி நான்.

முதுகிலேயே அடித்தார்கள். தடி விழும்போதெல்லாம் ஈரத்துணியைத் துவைப்பதுபோலச் சத்தம் கேட்டது. அது வாயைத் திறந்து திறந்து தன் உடம்பையே கடித்தது. தோல் உரிந்து, சதை பிதுங்கி, முதுகுச் செதில் ஒன்றுகூட மிஞ்சாமல் போகும்வரைக்கும் அடித்தார்கள். தலை மட்டும் நான் கேட்டபடி பூப்போல இருந்தது. அசைவு நின்றதும் நீ குந்தி உட்கார்ந்து, கழுத்தைப் பிடித்துத் தூக்கி, தாடையை மேலே திருப்பினாய். வலது ஆள்காட்டி விரலால் கீழுதட்டைத் தொட்டு எண்ணினாய். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." நாலாவது செதிலில் உன் விரல் இருக்கும்போது அது கடித்தது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம் இருக்கும். யாரோ மண்வெட்டியால் பாம்பின் கழுத்தைத் துண்டித்தார்கள். உன் அப்பா உன்னை முடியோடு பிடித்து இழுத்து, விறகு பிளக்கும் கட்டையில் உன் கையைப் போட்டார். நீ அவரை உதைத்தாய், கடித்தாய். மூன்று ஆண்கள் உன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். "கையப் புடி புள்ள" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் பிடித்தேன். என் இரண்டு கையாலும் உன் மணிக்கட்டைக் கட்டையோடு அழுத்திப் பிடித்தேன். நீ அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். "அட்டவண, பாம்பப் பாருடி. பாம்பப் பாரு" என்று அலறினாய். பயத்தில் உளறுகிறாய் என்று நினைத்தேன். கத்தி இறங்கியது. ஒரே வெட்டு. அவர் கவாத்துக்காரர். விரல் உருண்டு என் பாவாடையில் வந்து விழுந்தது.

கூடலூர் ஆஸ்பத்திரிக்கு எஸ்டேட் லாரியில் உன்னைக் கொண்டுபோனார்கள். விஷம் ஏறிய அறிகுறி ஒன்றும் இல்லை, தகப்பனார் சமயத்தில் வெட்டிவிட்டார் என்று டாக்டர் சொன்னதாக மறுநாள் காலை சேதி வந்தது. லைனே உன் அப்பாவைக் கொண்டாடியது. நான் மட்டும் விறகு அடுக்குக்குப் பின்னால் போனேன். துண்டான தலை அங்கேயே கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது. என் செய்முறைப் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்து, கீழுதட்டை விலக்கி எண்ணினேன். நான்காவது செதில் பெரிதாக இல்லை. மற்றவைபோலத்தான் இருந்தது. மறுபடி எண்ணினேன், மறுபக்கமும் எண்ணினேன். ஓநாய்ப் பாம்பு. சுவரில் பல்லி பிடித்துத் தின்னும் சாது. அதன் கடிக்கு மஞ்சள் வைத்தால் போதும்.

தலையை உன் வீட்டு அடுப்பில் போட்டு எரித்தேன். உன் அம்மா என்ன பாம்பென்று கேட்டபோது கட்டுவிரியன் என்றேன். கல்லூரியிலும் அதையே சொன்னேன். உனக்கும் உன் அப்பாவுக்கும் அதுதான் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப்பொய். பாம்பைக் குத்துயிராக விடச்சொன்னது நான். கையைப் பிடித்ததும் நான். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து நீ கல்லூரிக்கு வந்தாய். ஏட்டை வீட்டிலேயே இடது கையால் எழுதி முடித்திருந்தாய். நான் புத்தகத்தைப் பார்த்துக் கட்டுவிரியன் தலையை வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். உனக்குப் பாம்புப் படத்தில் மதிப்பெண் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். கேட்டதற்கு, "எடது கை அப்பிடித்தான் வரையும்" என்று சிரித்தாய். ஏட்டைக் காட்டவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

பிறகு நீ பந்தலூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாய். லைன்களில் பாம்பு என்றால் கோணியும் கம்பியுமாக நீதான் ஓடினாய். ஒருவரையும் தடி எடுக்க விடவில்லை. உன் அப்பா கடைசிவரைக்கும் உன் மகளிடம் உன் கையைத் தூக்கிக் காட்டி, "இந்த வெரலக் குடுத்துத்தான் உங்கம்மாவ வாங்கினேன்" என்பார். நீ அப்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்க மாட்டாய். உனக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பி, உன் வீட்டில் எத்தனை முறை சோறு தின்றிருக்கிறேன்.

இன்று காலை உன் ஏட்டில் பாம்புப் படம் இருந்த பக்கத்துக்கு வந்தேன். கோணல்மாணலான கோடுகள். கீழே "கட்டுவிரியன்" என்று எழுதியிருக்கிறாய். மேலே கீழுதட்டுச் செதில்கள் வரிசையாக எண் போட்டு இருக்கின்றன. நான்காவது மற்றவற்றைப் போலவே இருக்கிறது. பக்கத்தில் ஆசிரியரின் சிவப்பு மை: "பெயர் சரி. படம் தவறு. மீண்டும் வரையவும்." நீ மீண்டும் வரையவில்லை.

படுபாவி, உனக்குத் தெரிந்திருக்கிறது. கடிபட்ட நொடியிலேயே தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நீ உளறவில்லை. எண்ணத் தெரிந்த ஒருத்தியைக் கூப்பிட்டாய். உன் அப்பா மனசு உடையக்கூடாதென்று நீ பொய்ப் பெயர் எழுதினாய், அது எனக்குப் புரிகிறது. என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஒரு முறை அறைந்திருக்கலாமே. கட்டிலில் எலும்பாகக் கிடந்தபோதுகூட, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புடி" என்றுதானே சொன்னாய்.

ஆசிரியரின் சிவப்பு எழுத்தை அடித்துவிட்டு, "படம் சரி" என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். பெயரைத் திருத்தவில்லை. அது உன் அப்பாவுக்கு நீ கொடுத்தது. சாயங்காலம் உன் மகளுக்கு ஃபோன் செய்து நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் கடைசிவரைக்கும் கேட்டாள். பிறகு, "நீங்க கையப் புடிச்சீங்கன்னு அம்மா சொன்னதே இல்ல" என்றாள்.

நீ பார்க்கச் சொன்ன பாம்பைப் பார்த்துவிட்டேன். இந்த உள்ளங்கைகளில் உன் மணிக்கட்டு இன்னும் திமிறிக்கொண்டிருக்கிறது. விட்டுவிடத்தான் பார்க்கிறேன், விட முடியவில்லை.