ஸ்டெல்லாவின் ஸ்கிரிப்டை அழித்த பிறகு

என் செல்லத் தங்கச்சி ஸ்டெல்லா,

உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. நல்ல சேதி இல்லை. ஆனாலும் அதை நான்தான் சொல்ல வேண்டும்.

திண்டிவனத்தில் நீ டயாலிசிஸ் செய்துகொண்ட கிளினிக்கின் கம்ப்யூட்டரைப் பற்றித்தான். ஊசி குத்திய கையை அசைக்காமல், மறு கையால் தட்டித் தட்டி, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாயே, அது. மழையில் கரண்ட் போய் வந்த பிறகு அது எழுந்திருக்கவில்லை. யாருக்கு உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்ற அளவெல்லாம் அதற்குள்ளே. கால் வீங்கியவர்கள் பெஞ்சில் காத்திருக்க, நர்ஸ் எனக்குப் போன் செய்தார்.

நானும் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன்தானே, தைரியமாகப் போனேன். எழும்போது எது முதலில் ஓட வேண்டும், எது அடுத்து என்று நீ எழுதிய ஸ்கிரிப்டை, அந்தக் கட்டளைப் பட்டியலைத் திறந்தேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அதுதான் இதன் அழகு என்பாய். படித்தேன். வரிகள் புரிந்தன. ஏன் அப்படி எழுதினாய் என்பது புரியவில்லை. நீ இருந்தால் ஒரு போனில் முடிந்திருக்காதா?

விழுப்புரம் லினக்ஸ் கூட்டத்தில் நீயும் ஏழுமலையும் போட்ட சண்டை இதற்குத்தானே. சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் செய்த வேலையை எல்லாம் சிஸ்டம்-டி என்ற ஒரே பெரிய மென்பொருள் எடுத்துக்கொண்டது உனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்றாய். "உன் ஸ்கிரிப்ட் உனக்குத்தான் சின்னது ஸ்டெல்லா, மத்தவனுக்கு அது காடு" என்று அவன் சொன்னான். அன்றோடு பேச்சு நின்றது. உன் அடக்கத்துக்கும் அவன் வரவில்லை.

அவனைத்தான் கூப்பிட்டேன். கோபப்படாதே. வேறு யாரைக் கூப்பிடுவேன்?

மரக்காணத்திலிருந்து பஸ் பிடித்து வந்தான். ஸ்கிரிப்டைப் பார்த்ததும் ஒரு வரியில் விரலை வைத்தான். பேக்கப் நகல் எடுக்கும் பெட்டி இணைப்பில் வரும்வரை மற்றதெல்லாம் காத்திருக்கச் சொல்லியிருந்தாய். பெட்டி கரண்டில் கருகிவிட்டது. வராத பெட்டிக்காக அந்தக் கம்ப்யூட்டர் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வரியைத் தாண்டச் செய்தான், அளவுகள் திரைக்கு வந்தன.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

"அவ எழுதி நெட்ல போடுறத எல்லாம் வீட்ல உக்காந்து படிச்சிக்கினு இருப்பேண்ணே. தப்பு கண்டுபுடிச்சாத்தான சண்ட போட முடியும்."

பிறகு மெதுவாகச் சொன்னான்: "இத இப்டியே வுட்டுட்டும் போலாம். அடுத்த தபா நானும் இல்லன்னா இவங்க யாரக் கூப்புடுவாங்க? சிஸ்டம்-டின்னா வெளியாளு யாரு வேணாலும் வந்து சரி பண்ணுவாங்க."

உன் பக்கத்துக் கட்டிலில் இருப்பாரே, அனந்தபுரத்து அம்மா, அவரை அப்போதுதான் உள்ளே அழைத்துப் போனார்கள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. மாற்றிவிடு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் போனபோது எல்லாவற்றையும் சிஸ்டம்-டிக்கு மாற்றி வைத்திருந்தான். உன் ஸ்கிரிப்டை அழிக்க மட்டும் அவனுக்குக் கை வரவில்லை. நான்தான் அழித்தேன்.

அவன் ஜெயித்தான் என்று நினைக்காதே. போன வாரம் அதே கம்ப்யூட்டர் பாதியில் நின்றது. காரணம் அவனுக்கே தெரியவில்லை. அணைத்துப் போட்டதும் ஓடியது. ஏன் ஓடியது என்பதும் தெரியவில்லை. ஸ்டெல்லா இருந்தால் இதைச் சும்மா விட்டிருக்க மாட்டாள் என்றான்.

அன்றைக்கு அவனே கேட்டு என்னோடு கல்லறைக்கு வந்தான். உன் பெயரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கூட்டத்துக்கு இப்பல்லாம் போறதில்லண்ணே. நான் எது சொன்னாலும் எல்லாரும் சரி சரின்றாங்க" என்றான்.

நீங்கள் இரண்டு பேரும் ஒருமுறை பேசியிருக்கக் கூடாதா?

இந்த மாதக் கூட்டத்துக்கு அவனைக் கையோடு அழைத்துப் போகிறேன். நீ கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை நான் கேட்பேன். பாதி எனக்கே புரியாது. ஆனாலும் அவன் பதில் சொல்லும்வரை உட்கார மாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவன்,
அந்தோணி அண்ணன்
திண்டிவனம்